வார ஓய்வும் வீட்டு ஆயத்தமும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய பேச்சு)



ஆண்டு விழாவில் பேச எழுபவர்கள் சைவத்தின் தொன்மையைப் பற்றியோ தமிழின் இனிமையைப் பற்றியோ பேசுவது வழக்கம். அவற்றை நமக்குப் பின் வரும் பேச்சாளர்களுக்கு விட்டுவிட்டு, நாம் இன்று குசினியையும் துணிக்கொடியையும் பற்றிப் பேசப் போகிறோம். சிலர் சிரிக்கிறீர்கள். சிரிப்பவர்கள் பெரும்பாலும் ஆண்கள் என்பதையும் கவனிக்கிறோம்.

திங்கட்கிழமை காலை ஆறரை மணிக்கு நமது வீடுகள் இருக்கும் கோலத்தைச் சிறிது நினைத்துப் பாருங்கள். ஒரு பிள்ளை கொம்பாஸ் பெட்டியைத் தேடுகிறது. மற்றப் பிள்ளை, "அம்மா, இண்டைக்குச் சித்திரப் பாடம், கலர்ப் பேப்பர் வேணும்" என்று அப்போதுதான் வாய் திறக்கிறது. தகப்பனார் மோட்டார்ச் சைக்கிளை உதைத்துவிட்டு, "இன்னும் வெளிக்கிடேல்லையா?" என்று படலையில் நின்று கூப்பிடுகிறார். தாயார் ஒரு கையால் இடியப்பத் தட்டை இறக்கி, மறு கையால் மகளின் தலையைப் பின்னுகிறார். அவருக்கும் கந்தோர் இருக்கிறது. பாடசாலை மணியோ ஏழரைக்கு அடித்துவிடும். அந்த ஒரு மணி நேரத்தில் வீட்டில் எத்தனை கடுஞ்சொல் பிறக்கிறது! முதல் நாள் மாலையில் ஒரு கால் மணி நேரம் ஒதுக்கியிருந்தால் அவற்றுட் பாதி பிறந்தே இரா.

"அதற்குத்தானே சனியும் ஞாயிறும் ஓய்வு தந்திருக்கிறார்கள்?" என்று கேட்கலாம். நாட்காட்டியில் சிவப்பு மை இருந்தால் வீடு தானாக ஆயத்தமாகிவிடுமா? இந்த விஷயத்தை நமது நாடே ஒருமுறை பரீட்சித்துப் பார்த்தது. 1966ஆம் ஆண்டு தொடக்கம் 1971 வரை இலங்கையில் ஞாயிறு வார விடுமுறையாக இருக்கவில்லை. பிறை வளர்ந்தும் தேய்ந்தும் வரும் நான்கு போயா தினங்களும், அவற்றுக்கு முந்திய தினங்களுமே வார இறுதியின் இடத்தைப் பிடித்துக்கொண்டன. இளைஞர்களுக்கு இது கட்டுக்கதைபோல் இருக்கும். முன்வரிசையில் இருக்கும் பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள்.

சந்திரன் ஒரு சுற்றை முடிக்க ஏறக்குறைய இருபத்தொன்பதரை நாள் எடுக்கிறான். அதை நான்காகப் பிரித்தால் ஏழு நாளும் ஒன்பது மணியளவும் வரும். எனவே போயா ஒரே கிழமையில் நிற்பதில்லை. இம்முறை புதன் என்றால் பின்னர் வியாழன், அதன்பின் வெள்ளி என்று நகர்ந்துகொண்டே போகும். அதில் நமக்கு ஒரு நன்மை இருந்தது. தகப்பனை இழந்தவர் பிடிக்கும் அமாவாசை விரதமும், தாயை இழந்தவர் பிடிக்கும் பூரணை விரதமும் விடுமுறையை ஒட்டியே வந்தன. கேதீச்சரத்துப் பாலாவியில் தீர்த்தமாடக் கந்தோரில் லீவு கேட்டு நிற்க வேண்டியதில்லை. ஆனால் சனிக்கிழமை எண்ணெய் முழுக்கு எந்த நாளில் வரும்? நம் அயலிலுள்ள கத்தோலிக்க அன்பர்கள் ஞாயிறு பூசை கண்டுவிட்டு வேலைக்கு ஓடவேண்டியதாயிற்று. வெளிநாடுகளோடு வியாபாரம் செய்தவர்களுக்கும் பெரிய இடைஞ்சல். 1971இல் பழைய சனி ஞாயிறு மீண்டது. பூரணைப் போயா மட்டும் விடுமுறையாக இன்றும் நிற்கிறது.

இதிலிருந்து நாம் எடுத்துக்கொள்வது ஒன்றுதான். ஓய்வு நாளை அரசாங்கம் மாற்றலாம், சந்திரன் நகர்த்தலாம். வீட்டின் ஆயத்த நாளை வீடுதான் குறித்துக்கொள்ள வேண்டும்.

மன்னாரிலே இது இன்னும் பொருந்தும். இங்கே எல்லார்க்கும் பொதுவான வார இறுதி என்று ஒன்று இல்லை. பேசாலையிலும் தாழ்வுபாட்டிலும் கடற்றொழில் செய்யும் கத்தோலிக்கக் குடும்பங்களுக்கு ஞாயிறு ஓய்வு. எருக்கலம்பிட்டி முஸ்லிம் குடும்பங்களுக்கு வெள்ளி ஜும்ஆவே நடுநாயகம். சோழகம் பெலத்துக் கடல் கொந்தளித்தால் எந்தக் கிழமையும் ஓய்வுதான். கட்டுக்கரைக் குளத்து நீரில் வயல் செய்பவர், வாய்க்காலில் தண்ணீர் வரும் நாளில் நாட்காட்டியைப் பார்ப்பாரா? கடைக்காரருக்குச் சனிதான் அதிக வியாபாரம். ஆகவே நாம் சனி ஞாயிறு என்று சொல்லுமிடங்களில் உங்கள் வீட்டிற்கு ஏற்ற நாளை வைத்துக்கொள்ளுங்கள்.

நிற்க. வாரத்தை இலகுவாக்கும் காரியங்கள் நம் பாட்டிமாருக்குத் தெரியாதவையல்ல. அரிசியை ஊறவைத்து இடித்து, அரித்து, வறுத்து, ஆறவிட்டு அடைத்து வைத்தால் அந்த மா ஈரம் படாதவரை பல நாள் கிடக்கும். காலையில் பிட்டோ இடியப்பமோ அரை மணிக் காரியம். மிளகாய், மல்லி, சீரகம், மிளகு வறுத்துத் திரித்த தூள் ஒரு போத்தல் இருந்தால் கறிக்கு யோசிக்க வேண்டியதில்லை. இன்று இடிப்பதற்கு மில் இருக்கிறது. வரிசையில் நிற்பதற்குத்தான் ஆள் வேண்டும். அந்த ஆள் ஏன் வீட்டுத் தலைவராகவோ உயர்தரம் படிக்கும் மகனாகவோ இருக்கக்கூடாது? தேங்காய்ப்பூவை மட்டும் முன்கூட்டித் திருவி வைப்பதில் நமக்கு உடன்பாடில்லை. குளிர்ப்பெட்டி இல்லாத வீட்டில் அது நம் வெக்கைக்கு அன்று மாலையே புளித்துவிடும்.

பிள்ளையின் பைக்குள் வைக்கும் தின்பண்டத்தையும் நாம் மறந்துவிட்டோம். பனங்கிழங்கை அவித்துக் காயவைத்த புழுக்கொடியல் மாதக்கணக்கில் கெடாது. ஒரு துண்டு தேங்காயுடன் கடித்தால் பசி ஆறும். கடையில் விற்கும் பிஸ்கற் பக்கெற்றை விட்டு இதற்கு வாருங்கள் என்றால் பிள்ளைகள் முகஞ் சுளிப்பார்கள் என்பது தெரியும். ஆயினும் ஒரு சனிக்கிழமை மாலை தாமே நறுக்கி டப்பாவில் அடைத்ததைப் பிள்ளைகள் தின்னாமல் விடுவதில்லை.

வெள்ளிக்கிழமை மரக்கறிச் சமையல் என்பதால் நமது வாரம் அங்கேயே முடிந்து திரும்பத் தொடங்குகிறது. வீடு கூட்டி, விளக்குத் துலக்குவது அன்று முடிந்தால் சனி உடுப்புக்கு. மன்னார்த் தீவின் பல கிணறுகளில் தண்ணீர் உவர். சவர்க்காரம் நுரைக்காது, வெள்ளைச் சட்டை மங்கும். நல்ல தண்ணீர் கிடைக்கும் நேரம் பார்த்துப் பாடசாலை உடுப்பைத் தோய்ப்பதே ஒரு திட்டம்தான். சோழகத்தில் ஒரு மணி நேரத்தில் காயும், ஆனால் புழுதியும் ஒட்டும். வாடை மழையில் இரண்டு நாள் தொங்கினாலும் ஈரம் போகாது. ஞாயிறு மாலை தோய்த்தவர் திங்கள் காலை மினுக்கியால் சட்டையை உலர்த்திக்கொண்டு நிற்பார்!

எண்ணெய் முழுக்கிலும் காலத்துக்கேற்ற மாற்றம் வந்துவிட்டது. ஆண்களுக்குப் புதன் சனி, பெண்களுக்குச் செவ்வாய் வெள்ளி என்பது பழைய முறை. பாடசாலை, கந்தோர் நாட்களில் அது நடவாது. ஆகவே முழு வீடும் சனிக்கு வந்திருக்கிறது. நல்லெண்ணெய் தேய்த்து வெயிலில் நிற்கும் அந்த அரை மணி நேரத்தில் பிள்ளை பேசும் பேச்சை, "இந்தக் கிழமை பள்ளியில் என்ன நடந்தது?" என்று விசாரணை செய்து பெற முடியாது.

இனி, ஞாயிறு மாலை. விளக்கேற்றித் தேவாரம் பாடி முடிந்ததும் எல்லாரும் எழுந்துவிடாமல் கால் மணி நேரம் அங்கேயே இருங்கள். கைத்தொலைபேசிகள் வேறு அறையில் இருக்கட்டும். ஒரு கொப்பி போதும். எந்த நாளில் யாருக்கு என்ன: சோதனை, கூட்டம், கிளினிக், சீட்டுக் காசு, பஸ் காசு. நேரசூசி பார்த்துப் புத்தகங்களைப் பிள்ளையே அடுக்கட்டும். தாய் அடுக்கினால் பிள்ளை எந்நாளும் தேடும். 2022ஆம் ஆண்டு எரிபொருள் நெருக்கடியில் மோட்டார்ச் சைக்கிளுக்கு வாரம் 4 லீற்றர் என்று பங்கிட்டபோது, எந்தப் பயணம் அவசியம், எதை எதோடு சேர்க்கலாம் என்று வீடுகளில் கூடியிருந்து கணக்குப் பார்க்கவில்லையா? பெற்றோலுக்குப் பார்த்த கணக்கை நேரத்துக்கும் பார்க்கச் சொல்கிறோம்.

இவ்விடத்தில் சற்றுக் கண்டிப்பாகப் பேச அனுமதியுங்கள். வார ஓய்வு என்பது யாருடைய ஓய்வு? மேலே சொன்ன அத்தனையையும் தாயின் தலையிலேயே ஏற்றினால், ஐந்து நாள் வேலையை இரண்டு நாளில் அடைத்ததாகுமே தவிர வேறில்லை. 2017இல் தொகைமதிப்புப் புள்ளிவிபரத் திணைக்களம் நாடு முழுவதும் நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பை நடத்தியது. சம்பளமில்லாத வீட்டு வேலையில் பெண்கள் செலவிடும் நேரம் ஆண்கள் செலவிடுவதைவிட மிகக் கூடியது என்று அது காட்டிற்று. இதைக் காண்பதற்குக் கணக்கெடுப்பு வேண்டுமா என்று தாய்மார்கள் கேட்பது நமக்குக் கேட்கிறது.

யாழ்ப்பாணத்தில் வீட்டை வைத்துவிட்டு மன்னாரில் படிப்பிக்கும் ஆசிரியைகளை எண்ணிப் பாருங்கள். 2011இல் சங்குப்பிட்டிப் பாலம் திறந்தபின் பூநகரிப் பாதை எளிதாயிற்று. ஆயினும் பலர் திங்கள் விடியமுன் பஸ் ஏறி, வெள்ளி மாலையே திரும்புகிறார்கள். அந்தத் தாய்க்கு வீட்டில் இரண்டே நாள். அந்த இரண்டு நாளும் தோய்ப்பதிலும் திரிப்பதிலும் போனால் பிள்ளை தாயைக் கண்டதாகுமா? அப்படிப்பட்ட வீட்டில் மாவும் தூளும் உடுப்பும் வியாழனுக்குள் தகப்பனார் கையால் முடிந்திருக்க வேண்டும் என்பது நமது அபிப்பிராயம். இதிலே ஆண்மை குறைவதற்கு ஒன்றுமில்லை.

வாலிப நண்பர்களே, உங்களுக்கும் ஒரு பங்கு உண்டு. சனி முழுவதும் டியூட்டரி, ஞாயிறு காலை அறநெறி வகுப்பு, பின்னேரம் மீண்டும் டியூட்டரி என்று பிள்ளைகள் ஓட, ஏற்றி இறக்குவதிலேயே பெற்றோரின் ஓய்வு கழிகிறது. சனிக்கிழமை காலை ஒன்பது முதல் பதினொன்று வரை நமது மண்டபத்தைத் திறந்து வைத்து, இரண்டிரண்டு பேராக முறைவைத்து, அயலிலுள்ள சிறுவரைப் பார்த்துக்கொள்ள உங்களால் முடியாதா? கதைப் புத்தகம் இருக்கிறது, கரம் பலகை இருக்கிறது. பெற்றோருக்குச் சந்தைக்கும் மில்லுக்கும் போய்வர அந்த இரண்டு மணி நேரம் போதும். வருகிற சனியே தொடங்கலாம். செயலாளர் ஒரு தாளை வாசலில் வைத்திருக்கிறார்; முறைக்கு வர விரும்புவோர் போகும்போது பெயரை எழுதிவிட்டுப் போங்கள். தகப்பன்மாரும் எழுதலாம்.