சாட்சியின் எதிரே உட்காருதல்

ஆசிரியப் பட்டம் பெறும் அன்பு இளைஞர்களே!

உங்களில் வரலாறு படித்தவர்கள் விரைவில் ஏதோ ஒரு பத்தாம் வகுப்பில் இரண்டாம் உலகப் போர் நடத்துவீர்கள். நாஜிகள் ஏறக்குறைய 60 லட்சம் யூதர்களைக் கொன்றார்கள் என்று சொல்வீர்கள். பிள்ளைகள் அந்த எண்ணுக்கு அடியில் கோடு போட்டுக்கொள்வார்கள். ஒரு மதிப்பெண் வினாவுக்கு அது போதும். அந்த எண்ணுக்குள் இருக்கும் மனிதர்களைப் பதினைந்து வயதுப் பிள்ளையிடம் கொண்டுசேர்ப்பது எப்படி? உயிர் தப்பியவர்களும் அருங்காட்சியகங்களும் இந்தக் கேள்வியோடுதான் எண்பது ஆண்டுகளாக மல்லுக்கட்டி வருகிறார்கள். அவர்களிடம் நாம் கற்க வேண்டியதைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

1940 நவம்பரில் வார்சா நகரத்து யூதர்களை நாஜிகள் மதில் எழுப்பி அடைத்தார்கள். உள்ளே பட்டினியும் நோயும். அந்த மதிலுக்குள் இம்மானுவேல் ரிங்கெல்பிளம் என்ற வரலாற்றாசிரியர் ரகசியமாக ஒரு குழுவைத் திரட்டினார். கண்ணில் பட்டதையெல்லாம் அந்தக் குழு சேர்த்தது: நாட்குறிப்புகள், சுவரொட்டிகள், ரேஷன் அட்டைகள், மிட்டாய்க் காகிதங்கள், பள்ளிப் பிள்ளைகள் எழுதிய கட்டுரைகள். தங்களைக் கொல்பவர்களே தங்கள் வரலாற்றையும் எழுதிவிடக் கூடாது என்ற வைராக்கியம் அவர்களுக்கு இருந்தது. 1942 ஆகஸ்டில், தினமும் ஆயிரக்கணக்கானோர் டிரெப்ளிங்கா கொலைமுகாமுக்கு ரயிலேற்றப்பட்ட நாட்களில், முதல் தொகுதியை உலோகப் பெட்டிகளில் வைத்து ஒரு பள்ளிக்கூடத்தின் நிலவறையில் புதைத்தார்கள். புதைத்தவர் இஸ்ரேல் லிஹ்டென்ஸ்டைன் என்ற ஆசிரியர். கூட நின்று மண் தோண்டியவர்கள் அவரிடம் படித்த இரண்டு இளைஞர்கள். ஒருவருக்கு 19 வயது, இன்னொருவருக்கு 18. மூவரில் ஒருவரும் பிழைக்கவில்லை. ஆசிரியப் பட்டம் வாங்கும் நாளில் இந்த மூவரையும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும் என்று நான் மிகவும் விரும்பினேன்.

1946 செப்டம்பரில் அந்தப் பெட்டிகள் இடிபாடுகளுக்கு அடியிலிருந்து கிடைத்தன. 1950 டிசம்பரில் இரண்டு பால் கேன்களில் இன்னொரு தொகுதி கிடைத்தது. மூன்றாவது இன்றுவரை கிடைக்கவில்லை.

சுமார் அறுபது பேர் இருந்த அந்தக் குழுவில் போருக்குப் பின் எஞ்சியவர்கள் மூன்றே பேர். அவர்களில் ஒருவர் ரேச்சல் ஆவர்பாக். மதிலுக்குள் கஞ்சித்தொட்டி நடத்தியவர். அந்தக் காகிதங்களைத் தோண்டி எடுத்தே ஆக வேண்டும் என்று விடாமல் வற்புறுத்தியவர்களில் அவரும் ஒருவர். பிறகு இஸ்ரேலுக்குப் போய், ஜெருசலேமில் உள்ள யாத் வஷெம் நினைவகத்தில் 1954இல் சாட்சியங்களைத் திரட்டும் துறையை உருவாக்கினார். 1961இல் நாஜி அதிகாரி அடால்ஃப் ஐக்மன் மீதான விசாரணை நடந்தபோது, கூண்டில் ஏறிப் பேசிய நூற்றுக்கும் மேற்பட்ட சாட்சிகளில் பலரைக் கண்டடைய உதவியவரும் அவரே. ஊரார் கேட்க விரும்பாததால் பல ஆண்டுகள் வாய் திறக்காமல் இருந்தவர்களின் குரல் அன்று வானொலி வழியாக வீடு வீடாகப் போயிற்று.

அதன்பின் ஒளிப்பதிவுகள் வந்தன. அமெரிக்காவின் நியூ ஹேவன் நகரில் 1979இல் தொடங்கிய பதிவு முயற்சி யேல் பல்கலைக்கழகத்தின் ஆவணக்காப்பகமாக வளர்ந்தது. ‘ஷிண்ட்லர்ஸ் லிஸ்ட்’ படத்தை எடுத்த ஸ்டீவன் ஸ்பீல்பெர்க் 1994இல் தொடங்கிய ஷோவா அறக்கட்டளை ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட சாட்சியங்களைப் பதிவு செய்தது.

இங்கே சற்று நின்று ஒரு நிகழ்ச்சியைச் சொல்ல வேண்டும். நியூ ஹேவன் முயற்சியைத் தொடங்கியவர்களில் ஒருவர் டோரி லாப். மனநல மருத்துவர், சிறுவயதில் தானும் முகாமில் அடைபட்டிருந்து தப்பியவர். அவர் பதிவு செய்த ஒரு பெண்மணி ஆஷ்விட்ஸ் முகாமில் நடந்த கிளர்ச்சியை நேரில் பார்த்தவர். பிணங்களை எரிக்கும்படி கட்டாயப்படுத்தப்பட்ட கைதிகள் 1944 அக்டோபர் 7 அன்று காவலர்களை எதிர்த்து எழுந்த கிளர்ச்சி அது. அதுவரை தணிந்த குரலில் பேசியவர், அந்த இடம் வந்ததும் நிமிர்ந்தார். நான்கு புகைபோக்கிகள் தீப்பிடித்து வெடித்தன என்றார். பின்னர் ஒரு கருத்தரங்கில் அந்தப் பதிவு திரையிடப்பட்டது. வரலாற்றாசிரியர்கள் மறுத்தார்கள். வெடித்தது ஒன்றுதான், நான்கு அல்ல. இப்படி ஒரு தவறை ஏற்றுக்கொண்டால், படுகொலையே நடக்கவில்லை என்று மறுப்பவர்கள் எல்லாவற்றையும் பொய் என்பார்கள் என்றார்கள். லாப் உடன்படவில்லை. நடக்கவே முடியாதது என்று எல்லோரும் நம்பிய ஒன்று அங்கே நடந்தது. அதற்குத்தான் அந்தப் பெண் சாட்சி சொன்னார் என்றார்.

என்னைக் கேட்டால் இரு தரப்பும் சொன்னது சரி. ஒன்று என்ற கணக்கும் மாணவனுக்கு வேண்டும். அந்தப் பெண்ணின் கண்ணுக்கு அது ஏன் நான்காகத் தெரிந்தது என்ற புரிதலும் வேண்டும். சாட்சியை மடக்குவதற்காகக் கேள்வி கேட்பவனுக்கும், சாட்சி சொன்னதையெல்லாம் கும்பிட்டு ஏற்பவனுக்கும் அவர் பேச்சு முழுதாகக் காதில் விழுவதில்லை.

கணக்கு ஏன் வேண்டும் என்பதற்கு லண்டன் வழக்கு ஒன்றே போதும். எழுத்தாளர் டேவிட் இர்விங்கைப் படுகொலை மறுப்பாளர் என்று எழுதியதற்காக வரலாற்றாசிரியர் டெபோரா லிப்ஸ்டாட் மீது இர்விங் அவதூறு வழக்குத் தொடுத்தார். லிப்ஸ்டாட் தரப்பு உயிர் தப்பியவர் ஒருவரையும் கூண்டில் ஏற்றவில்லை; இர்விங் அவர்களைக் குறுக்குவிசாரணையில் அவமானப்படுத்த இடம் தரக் கூடாது என்று முடிவெடுத்தது. கட்டட வரைபடங்களையும் கடிதங்களையும் வரலாற்றாசிரியர்களின் ஆய்வையும் வைத்தே 2000 ஏப்ரலில் வென்றது.

அருங்காட்சியகத்துக்கு வருவோம். ஆஷ்விட்ஸில் குவிந்து கிடக்கும் காலணிகளையும், பெயர் எழுதிய பெட்டிகளையும் படத்தில் பார்த்திருப்பீர்கள். பெட்டி திரும்பக் கைக்கு வரும் என்று நம்பியவர்கள்தானே அதன்மேல் பெயர் எழுதினார்கள்! ஆனால் இளம் பிள்ளைகளுக்கு முதலில் காட்ட வேண்டியது வாஷிங்டனில் 1993இல் திறக்கப்பட்ட அருங்காட்சியகத்தின் முகங்களின் கோபுரம் என்பேன். ஐஷிஷோக் என்ற சிற்றூரில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த யூதர்களை 1941 செப்டம்பரில் இரண்டே நாளில் சுட்டுக் கொன்றார்கள். சிறுமியாகத் தப்பிய யாஃபா எலியாக், பின்னாளில் வரலாற்றுப் பேராசிரியராகி, அவ்வூர்க்காரர்களின் புகைப்படங்களை உலகெங்கும் தேடித் திரட்டினார். புதுமணத் தம்பதிகள், கைக்குழந்தைகள், சேர்ந்து நின்று சிரிக்கும் நண்பர்கள் என்று அந்தக் கோபுரத்தின் சுவர் முழுவதும் வாழ்க்கை. பிணக்குவியலின் படம், கொன்றவன் அவர்களை என்னவாக ஆக்கினானோ அதைக் காட்டுகிறது. இந்தப் படங்களில் அவர்கள் தங்களுக்குப் பிடித்தபடி நிற்கிறார்கள்.

பிள்ளைகளை அதிரவைத்தால் மனத்தில் பதியும் என்று சிலர் நினைக்கிறார்கள். யாத் வஷெமின் கல்வியாளர்கள் நேர்மாறாகச் சொல்கிறார்கள்: மாணவனைப் பத்திரமாக உள்ளே அழைத்துப் போ, பத்திரமாக வெளியே கொண்டு வா. வகுப்பறையில் பிள்ளைகளைக் கைதிகளாகவும் காவலர்களாகவும் நடிக்கவைப்பதை வாஷிங்டன் அருங்காட்சியகமும் வேண்டாம் என்கிறது. அந்த வலியை நடித்துப் புரிந்துகொள்ள முடியும் என்று நினைப்பதே அதைச் சிறுமைப்படுத்துவது.

2024இன் தொடக்கத்தில் வெளியான ஒரு கணக்கெடுப்பின்படி உலகில் உயிரோடிருந்த தப்பியவர்கள் சுமார் 2,45,000 பேர். அவர்களின் நடு வயது 86. மைதானெக் முகாமிலிருந்து மீண்ட பின்காஸ் குட்டர் போன்றவர்கள் நூற்றுக்கணக்கான கேள்விகளுக்கு முன்கூட்டியே பதில் சொல்லிப் பதிவு செய்திருக்கிறார்கள். பார்வையாளர் கேட்க, திரையில் அவர் பதில் சொல்வார். அது அவர் வாயால் சொன்ன சொல். ஆனால் அண்மைக் காலமாக, செயற்கை நுண்ணறிவால் உருவாக்கிய, வாழ்ந்தே இராத ‘பலியானவர்களின்’ படங்கள் சமூக ஊடகங்களில் உலவுகின்றன. ஆஷ்விட்ஸ் நினைவகம் இதைக் கண்டித்து எச்சரித்திருக்கிறது. இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை நாளை உங்கள் மாணவன் உங்களிடம்தான் கேட்பான்.

ஆகவே நடைமுறையாக ஒன்றைக் கேட்டுக்கொள்கிறேன். இரண்டாம் உலகப் போர்ப் பாடத்துக்கு ஒரு பாடவேளையைக் கூடுதலாக ஒதுக்குங்கள். இணையத்தில் இருக்கும் சாட்சியங்களில் ஒருவருடையதை மட்டும் எடுத்துப் பத்து நிமிடம் காட்டுங்கள். நீங்கள் முன்பே முழுவதும் பார்த்திருக்க வேண்டும். அவர் சொன்ன ஊரை வரைபடத்தில் பிள்ளைகளே தேடட்டும். அவர் சொன்ன தேதியை அருங்காட்சியகத்தின் ஆவணங்களோடு ஒப்பிடட்டும். பொருந்தாதது எதுவும் தென்பட்டால் மறைக்காதீர்கள். ஏன் பொருந்தவில்லை என்று சேர்ந்து பேசுங்கள். கடைசியில், அவரிடம் என்ன கேட்டிருப்பாய் என்று ஆளுக்கொரு கேள்வி எழுதச் சொல்லுங்கள். அந்தத் தாளுக்கு மதிப்பெண் போட வேண்டாம்.