வியாபார ஸ்தாபனமும் அதன் மூலவரைபடமும்

(சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய உபந்நியாசம்)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம் 'எண்டர்பிரைஸ் ஆர்க்கிடெக்சர்' எனப்படுவது. ஒரு ஸ்தாபனத்தின் காரியங்கள் யாவை, அவற்றுக்கு வேண்டிய விவரங்கள் எவை, அவற்றைத் தாங்கும் கணிப்பொறிகள் எவை, ஒன்றை அசைத்தால் எவையெவை அசையும் என்பவற்றை ஒருங்கே வரைந்துவைக்கும் முறையே அது.

சிறு கடையில் இவ்வரைபடம் முதலாளியின் மனத்திலேயே இருக்கிறது. கிளைகள் பெருகி, கிளைக்கொரு கணக்கு முறை ஏற்பட்டபின்போ, ஒரே வாடிக்கைக்காரர் மூன்று பேரேடுகளில் மூன்று விலாசங்களோடு காணப்படுவார். எது மெய்யென்று சொல்ல ஆளிராது.

இக்குறையை உணர்ந்தே, ஐ.பி.எம். ஸ்தாபனத்தைச் சேர்ந்த ஜான் ஸாக்மன் என்பார் 1987-ல் ஒரு கட்டுரை வரைந்தார். என்ன, எப்படி, எங்கே என்னும் மூன்று வினாக்களை அதில் வகுத்தார். 1992-ல் ஸோவா என்பாருடன் சேர்ந்து யார், எப்பொழுது, ஏன் என்பவற்றையும் கூட்டினார். அமெரிக்க ஐக்கிய நாடுகளில் 1996-ல் இயற்றிய சட்டமொன்று, சர்க்கார் இலாகாக்களிலும் இத்தகைய அமைப்புத் திட்டம் இருத்தல் வேண்டுமென விதித்தது.

இதில் கவனக்குறைவு நேர்ந்தால் விளைவதென்ன? பிரிட்டனில் டி.எஸ்.பி. பாங்கி 2013-ல் லாயிட்ஸ் பாங்கியினின்று பிரிந்து, 2015-ல் ஸ்பெயின் தேசத்து ஸபாடெல் பாங்கியின் வசமாயிற்று. கணக்குகளோ லாயிட்ஸின் கணிப்பொறிகளிலேயே இருந்து வந்தன. 2018 ஏப்ரலில் அவற்றைப் பெரும்பாலும் ஒரே தவணையில் புதிய அமைப்புக்கு மாற்றினர். விவரங்கள் பழுதின்றிச் சேர்ந்தன. அவற்றைத் தாங்கவேண்டிய அமைப்பே தளர்ந்தது. 52 லட்சம் வாடிக்கைக்காரர்களில் பெரும்பகுதியினர் அல்லலுற்றனர். நிலைமை முற்றும் சீர்ப்பட அவ்வாண்டு டிஸம்பராயிற்று. நஷ்டஈடாக 3 கோடியே 27 லட்சம் பவுன் கொடுத்ததன்றி, 2022-ல் 4 கோடியே 86 லட்சத்து 50 ஆயிரம் பவுன் அபராதமும் செலுத்த நேர்ந்தது. மாற்றத்தைச் சரிவர ஒழுங்குபடுத்தவில்லை, வெளியாரிடம் ஒப்புவித்த வேலையின் அபாயங்களைத் தக்கவாறு கவனிக்கவில்லை என்பனவே அதிகாரிகள் கண்ட குற்றங்கள்.

இனி, இம்முறைக்குரிய இடையூறுகளையும் மறைத்தலாகாது. செலவு இவ்வாண்டே தெரியும். பலன் பின்னரே தெரியும். கிளைத் தலைவர்கள் தத்தம் வழக்கத்தை விட மனம் வையார். வரைபடமோ, காரியம் மாறுந்தோறும் திருத்தப்படாவிடில் வெறுங்காகிதமாகிவிடும். ஆதலின், வரைவோர் தனியறையில் அமர்ந்து வரைதல் போதாது. கல்லாவில் இருப்பவரையும் கிடங்கில் இருப்பவரையும் கேட்டே வரைதல் வேண்டும்.

அன்பர்களே! தகப்பனார் ஒருவருக்கே எல்லாம் தெரிந்திருக்கும் குடும்ப வியாபாரங்கள் நம்மிடையே பல உண்டு. அவர் நினைவோடு அவ்வறிவும் மறையுமாயின், பிள்ளைகள் இருட்டில் தடவ வேண்டியதே. புதிய யந்திரம் வாங்குமுன், ஒரு தாளில் காரியங்களையும், விவரங்களையும், அவற்றுக்குப் பொறுப்பாளிகளையும் எழுதி வையுங்கள். கணிப்பொறிக் கல்வி கற்ற நம் மக்களையும் பெண்களையும் அருகிருத்தி எழுதுங்கள். ஆஸ்தியை எழுதிவைக்கும் நாம், அந்த ஆஸ்தியை ஈட்டித் தந்த முறையையும் எழுதிவைத்தல் கடனன்றோ?