அன்பும் நாவன்மையும்

(பத்து காஜாவில் நடந்த பரிசளிப்பு விழாவில் ஆற்றிய உரை)

 

சற்றுமுன் பேச்சுப்போட்டியில் வென்ற பிள்ளைகள் இந்த மேடையில் முழங்கினார்கள். கைதட்டிக் கைதட்டி என் கை சிவந்துவிட்டது. அப்போது எனக்கு ஒரு கேள்வி எழுந்தது. நன்றாகப் பேசுவது என்றால் என்ன? கேட்பவரைத் தலையாட்ட வைத்தால் போதுமா?

நம் வள்ளுவர் அன்புடைமைக்கு ஓர் அதிகாரமும் சொல்வன்மைக்கு ஓர் அதிகாரமும் வைத்தார். கிரேக்க ஞானி சாக்ரடீஸ் இந்த இரண்டையும் ஒரே மரநிழலில் வைத்துப் பேசியதாக அவருடைய மாணவர் பிளாட்டோ ஒரு நூலில் எழுதியிருக்கிறார். ஏறக்குறைய 2,400 ஆண்டுகளுக்கு முந்திய நூல் அது. இடம், ஏதென்ஸ் நகருக்கு வெளியே ஓர் ஆற்றங்கரை. உடன் இருந்தவன் பீட்ரஸ் என்ற இளைஞன்.

அவன் கையில், லிசியஸ் என்ற பேர்பெற்ற பேச்சாசிரியர் எழுதிய உரை இருந்தது. உன்மேல் அன்பு கொண்டவனை நம்பாதே, அன்பில்லாதவனோடு சேர்வதே உனக்கு லாபம் என்பது அதன் சாரம். பையன் சொக்கிப்போயிருந்தான். அவன் விடாமல் வற்புறுத்தவே, சாக்ரடீசும் அதே கட்சியில் ஒரு பேச்சுப் பேசினார். ஆனால் வெட்கத்தால் முகத்தை மூடிக்கொண்டு பேசினார்! பிறகு, அன்புக்கே துரோகம் செய்துவிட்டோமே என்று மனம் பொறுக்காமல், முகத்தைத் திறந்து அன்பின் பெருமையைப் பேசினார்.

முடிவில் அவர் சொன்னது இதுதான். உடம்பை அறியாதவன் வைத்தியன் ஆகமாட்டான். அதுபோல, பொருளின் உண்மையையும் கேட்பவர் உள்ளத்தையும் அறியாதவன் பேச்சாளன் ஆகமாட்டான். நல்ல சொல் விதை போன்றது. தகுந்த நிலத்தில் ஊன்றிக் காத்திருக்க வேண்டும். பால்மரக் கன்று நட்டு ஐந்தாறு வருஷம் காத்திருந்த நமக்கு இது புரியாதா?

அன்பில்லாத பேச்சு எப்படி இருக்கும் என்பது நம் குடும்பங்களுக்குத் தெரியும். கங்காணி ஊருக்கு வந்து தேனாகத்தானே பேசினான்? தலைக்கு இவ்வளவு என்று அவனுக்குக் காசு. வந்து இறங்கிய பிறகுதான் காடும் கடனும் கண்ணுக்குத் தெரிந்தன. 1938இல்தான் இந்திய அரசு அந்த ஆள்சேர்ப்பைத் தடுத்தது.

அன்புள்ள பேச்சுக்கும் நம் பேராக்கிலேயே சான்று உண்டு. 1919இல் சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் சம்பந்தன் அவர்களைச் சொல்கிறேன். சுதந்திரத்தை ஒட்டி வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களை விற்றன. வாங்கியவர்கள் துண்டாடி விற்றார்கள். வேலையும் போய், லயத்து வீடும் போய், தொழிலாளி நடுத்தெருவில் நின்றான். அமைச்சராக இருந்த சம்பந்தன் தோட்டம் தோட்டமாகப் போனார். பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்து நாமே தோட்டம் வாங்குவோம் என்றார். பால் வெட்டுகிறவனுக்குப் பத்து வெள்ளி லேசா? ஆனாலும் கொடுத்தான். கேட்பவர் தன் மடிக்குக் கேட்கவில்லை என்று அவனுக்குத் தெரிந்தது. 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் பிறந்தது. மறுவருஷமே கெடாவில் புக்கிட் சிடிம் தோட்டத்தை வாங்கியது!

பெற்றோர்களே! அந்தக் கங்காணி இன்றைக்குக் கைப்பேசிக்குள் வருகிறான். வெளிநாட்டில் வேலை என்கிறான், ஒரே மாதத்தில் பணம் இரட்டிப்பு என்கிறான். இந்தப் பேச்சால் யாருக்கு லாபம் என்று கேட்கப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுங்கள். அதற்குமுன் நாம் அவர்களோடு அன்பாகப் பேசுவோம். வீட்டில் அன்பான ஒரு வார்த்தை கேளாத பிள்ளைதான், வெளியே தேனாகப் பேசுகிறவன் பின்னால் போகும்.

மாணவச் செல்வங்களே! இன்று கோப்பை வாங்கினீர்கள், வாழ்த்துகள். நாளை எந்த மேடை ஏறினாலும், முகத்தை மூடிக்கொண்டு பேசவேண்டிய பேச்சை மட்டும் பேசாதீர்கள்.