நம்ம முடி, நம்ம முடிவு

(கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில், வில்லியனூர், பாகூர் பகுதிக் குழு உறுப்பினர்களிடையே பேசியதன் எழுத்து வடிவம்)



சேமிப்பு, உள்கடன், வங்கித் தவணை என்று பேசியே பழகிய நம் கூட்டத்தில் இன்றைக்குத் தலைமுடியைப் பற்றிப் பேசப்போகிறோம். "இதெல்லாம் ஒரு விஷயமா?" என்று பின்வரிசையில் சிரிப்பது கேட்கிறது. சிரிங்க, பரவாயில்லை. ஆனா நாற்பது வயசைத் தாண்டின நம்மில் எத்தனை பேர் காலையில் சீப்பில் சுற்றி வருகிற முடியைப் பார்த்து மனசு சோர்ந்து போகிறோம்? அதை வெளியில் சொல்லக்கூட வெட்கம். அதனால்தான் பேசுகிறோம்.

பாகூர் பக்கத்துக் குழு ஒன்றில் நடந்ததைச் சொல்கிறோம். பெயர் வேண்டாம். அந்த அக்காவுக்கு வயசு 47. குழுவின் பொருளாளர். டைபாய்டு காய்ச்சல் வந்து எழுந்தார். மூணாவது மாசம் முடி கொத்துக் கொத்தாகக் கொட்டியது. முதலில் சவுரி வைத்துச் சமாளித்தார். அப்புறம் கல்யாணம், காதுகுத்துக்குப் போவதை நிறுத்தினார். கடைசியில் குழுக் கூட்டத்துக்கும் வரவில்லை. பாஸ் புத்தகம் அவர் வீட்டில். கையெழுத்து அவருடையது. அந்த மாசம் வங்கித் தவணை தள்ளிப்போனது. விசாரிக்கப் போனால் அலமாரியில் நாலு வகை எண்ணெய்ப் பாட்டில். வீடு தேடி வந்து விற்ற எண்ணெய்க்கு உள்கடன் எடுத்திருந்தார்!

முடி கொட்டியதில் ஒரு குழுவின் தவணை நின்றது. இப்ப சொல்லுங்க, இது பேச வேண்டிய விஷயமா இல்லையா?

முடி ஏன் மெலிகிறது?

ஒரு நாளைக்கு 50 முதல் 100 முடி உதிர்வது எல்லாருக்கும் இயல்பு. அதற்குப் பயப்பட வேண்டாம். மாதவிடாய் நிற்கும் காலத்தில் உடம்பில் சுரக்கும் நீர்கள் மாறுவதால் முடி மெலிகிறது. ரத்தசோகை, தைராய்டு கோளாறு இருந்தாலும் கொட்டும். பெரிய காய்ச்சல், ஆபரேஷன், பிரசவம் இவற்றுக்குப் பின் இரண்டு மூன்று மாதம் கழித்துக் கொட்டும். இது பெரும்பாலும் தானாகவே நின்று திரும்ப முளைக்கும். அந்த அக்காவுக்கும் அதுதான் நடந்தது. எண்ணெய்ப் பாட்டில்காரர் அதைச் சொல்லவில்லை.

ஆகவே முதல் வேலை, ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய் ரத்தம் பரிசோதிப்பது. வட்டம் வட்டமாகக் கொட்டினாலோ, தலையில் புண், அரிப்பு இருந்தாலோ தோல் மருத்துவரைப் பாருங்கள். உணவில் முருங்கைக்கீரை, கேழ்வரகு, பயறு, முட்டை இருக்கட்டும். பிள்ளைகளுக்கு வைத்துவிட்டு மிச்சத்தை நாம் சாப்பிடுகிற பழக்கம் தலைமுடியிலும் தெரியும்.

இன்னொன்று, நம் கொண்டை. முப்பது வருஷமாக அதே இடத்தில் வகிடு, அதே இறுக்கத்தில் கொண்டை. இழுத்து இழுத்து நெற்றி ஓரத்து முடி போய்விடுகிறது. வகிட்டை ஒரு விரல் தள்ளி எடுத்தாலே தலை நிறைவாகத் தெரியும். செலவு ஒரு பைசா கிடையாது.

வெட்ட ஏன் தயங்குகிறோம்?

மெலிந்த முடியை நீளமாக விட்டால் அதன் பாரத்தில் உச்சியில் படிந்து, அடியில் எலிவால் மாதிரி தொங்கும். அதையே தோள்வரை வெட்டினால் அடர்த்தியாகத் தெரியும். முகமும் தெளிவாகத் தெரியும். ஐந்து வயசு குறைந்த மாதிரி என்று பார்ப்பவர்கள் சொல்வது இதனால்தான். இது தெரிந்தும் நாம் வெட்டுவதில்லை. "ஊர் என்னா சொல்லும்?"

சகோதரிகளே, மேல்மலையனூர் அங்காளம்மனுக்கும் திருப்பதிக்கும் வேண்டிக்கொண்டு முழு மொட்டை போட்டு வருகிறோம். ஊர் ஒண்ணும் சொல்வதில்லை. நமக்காக நாலு விரல் வெட்டினால் மட்டும் தெருவே கேள்வி கேட்கிறது. வெட்டியது எவ்வளவு என்பது அவர்களுக்கு முக்கியமில்லை, யாருக்காக வெட்டினோம் என்பதுதான் உறுத்துகிறது.

இதற்கு ஒரு பழைய கதை உண்டு. ஒரு காலத்தில் சில சமூகங்களில் கணவன் இறந்தால் பெண்ணின் தலையை மழித்துவிடுவார்கள். சின்னப் பெண்களைக்கூட விடவில்லை. 1886இல் பிறந்த சகோதரி சுப்புலட்சுமி சிறுமியாக இருந்தபோதே கணவனை இழந்தார். அவருடைய அப்பா மகள் தலையை மழிக்கச் சம்மதிக்கவில்லை, படிக்க வைத்தார். 1911இல் அவர் பட்டம் பெற்றார். பிறகு சென்னையில் இளம் விதவைகளுக்கு இல்லம் நடத்தி அவர்களையும் படிக்க வைத்தார்.

இன்னொருவர் கீழத்தஞ்சையைச் சேர்ந்த மணலூர் மணியம்மை. அவரும் இளம் வயதில் கணவனை இழந்தவர். அவர் தானே கிராப்பு வெட்டிக்கொண்டு, வேட்டி, சட்டை போட்டுக்கொண்டு, விவசாயக் கூலிகளின் உரிமைக்காக ஊர் ஊராகப் போராடினார். 1953இல் மறைந்தார். பெரியாரும் சுயமரியாதை இயக்க நாட்களிலேயே பெண்கள் முடியை வெட்டிக்கொள்ளலாம் என்று பேசியவர்.

ஒருத்தி விரும்பாமல் தலையை மழித்தால் அது கொடுமை. அவளே விரும்பி வெட்டிக்கொண்டால் அது சுதந்திரம். கத்தி ஒன்றுதான், அது யார் சொல்படி நடக்கிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. கணவனை இழந்த நம் சகோதரிகளுக்கும் இதையே சொல்கிறோம். தலையை அழகாக வாரிக்கொள்வதும், விரும்பினால் வெட்டிக்கொள்வதும் உங்கள் விருப்பம். அதைக் கேட்க யாருக்கும் உரிமையில்லை.

நாம் பார்த்தவர்களையே எடுத்துக்கொள்வோம். இந்திரா காந்தி 1966இல் பிரதமரானபோது வயது 48. குட்டை முடி, பின்னாட்களில் முன்னால் ஒரு வெள்ளைப் பட்டை. அதை அவர் மறைக்கவில்லை, அதுவே அவர் அடையாளமானது. 2016 முதல் 2021 வரை நம் புதுச்சேரியின் துணைநிலை ஆளுநராக இருந்த கிரண் பேடி கிராப்புத் தலையோடு ஏரி, வாய்க்கால் என்று வந்ததை நம்மில் பலர் பார்த்திருக்கிறோம். அவருக்குப் பின் அந்தப் பொறுப்பைக் கவனித்த தமிழிசை சௌந்தரராஜனின் சுருட்டை முடியைப் பலர் கேலி செய்தார்கள். அவர் அப்படியேதான் இருந்தார். அரசியல் பேச வரவில்லை, தலைமுடியை மட்டும் சொல்கிறோம்!

யாருக்கு எது பொருந்தும்?

1. வட்ட முகம்: தாடைக்குக் கீழே, தோளைத் தொடும் நீளம் நல்லது. கன்னத்தோடு நின்றால் முகம் இன்னும் உருண்டையாகத் தெரியும். வகிட்டைக் கொஞ்சம் பக்கவாட்டில் எடுங்கள்.

2. நீண்ட முகம்: தோள்வரை, பக்கங்களில் கொஞ்சம் புசுபுசுவென்று இருக்கட்டும். நடு வகிடும் இழுத்து வாரிய தலையும் முகத்தை இன்னும் நீளமாக்கும்.

3. அகன்ற நெற்றி, ஓரத்தில் முடி குறைந்தவர்கள்: முன்பக்கம் இரண்டு கற்றையை மட்டும் காது அளவுக்கு வெட்டிப் பக்கவாட்டில் விடலாம். நெற்றி மறையும்.

4. அகன்ற தாடை: ஒரே நேர்கோட்டில் வெட்டாமல், முகத்தைச் சுற்றிப் படிப்படியாக வெட்டும் 'ஸ்டெப் கட்' பொருந்தும்.

5. மெலிந்த முடி: அடிப்பாகம் நேராக, அல்லது லேசான 'யூ கட்'. அதிகமாகப் படிப்படியாக வெட்டினால் அடியில் இன்னும் மெலிந்து தெரியும்.

6. சுருட்டை முடி: ஈரத்தில் நீளமாகத் தெரிந்து, காய்ந்ததும் மேலே ஏறிவிடும். நினைத்ததைவிட இரண்டு விரல் குறைவாகவே வெட்டச் சொல்லுங்கள்.

இதையெல்லாம்விட முக்கியம், நம் வேலை. நடவுக்குக் குனியும்போது முன்முடி கண்ணில் விழும், கையிலோ சேறு. விறகு அடுப்பு ஊதும்போதும் ஆபத்து. ஆகவே வயல் வேலைக்குப் போகிறவர்கள் ரப்பர் பேண்டில் அடங்கும் நீளத்தை விட்டு வையுங்கள். 'பாப் கட்', 'பாய் கட்' கட்டுக்கு அடங்காது. கடை, தையல், அலுவலக வேலை என்றால் எது வேண்டுமானாலும் சரி.

"பூ எப்படி வைக்கிறது?" என்று கேட்காதவர்கள் இல்லை. தோள்வரை முடியில் பாதியை எடுத்துக் கிளிப் போட்டு, ஒரு முழம் மல்லியை மடித்து இரண்டு ஹேர்பின் குத்தினால் நிற்கும். நாங்கள் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறோம்.

கடையில் உட்காரும் முன்

- முதல் தடவை நாலு விரலுக்கு மேல் வெட்டாதீர்கள். முடி மாதம் 1 சென்டிமீட்டருக்குச் சற்று மேல் வளரும். பிடிக்காவிட்டால் ஆறேழு மாதத்தில் பழைய நீளம் வந்துவிடும்.

- உட்காருவதற்கு முன்பே விலை கேளுங்கள். "வெட்டுவதற்கு மட்டும்" என்று சொல்லிவிடுங்கள். அது இது என்று சேர்த்து பில் போடும் இடங்களும் உண்டு.

- நீளத்தை வாயால் சொல்லாமல் விரலால் தொட்டுக் காட்டுங்கள். உங்களுக்குப் பிடித்த படம் இருந்தால் போனில் காட்டலாம்.

- வீட்டில் எப்படி வாருகிறீர்கள், என்ன வேலை செய்கிறீர்கள் என்று சொல்லுங்கள். பார்லரில் மிஷின் வைத்து உலர்த்திக் காட்டும் அழகு மறுநாள் நம் வீட்டில் வராது.

- சுத்தமான சீப்பும் துண்டும் கேளுங்கள். கேட்பதில் தப்பில்லை.

- நீளத்துக்கு ஏற்பச் செலவும் உண்டு. தோள்வரை என்றால் மூன்று நாலு மாதத்துக்கு ஒருமுறை சரி செய்தால் போதும். கிராப்பு என்றால் ஒன்றரை மாதத்துக்கு ஒருமுறை. வருஷத்துக்கு எவ்வளவு ஆகும் என்று கணக்குப் போட்டு முடிவு எடுங்கள்.

- நம் குழுக்களிலேயே அழகுக்கலைப் பயிற்சி முடித்த சகோதரிகள் இருக்கிறார்கள். முதலில் அவர்களிடம் போங்கள். நம் காசு நம்மிடமே சுற்றும்.

சாயம் பற்றி ஒரு எச்சரிக்கை

வெட்டியதும் அடுத்த ஆசை சாயம். கறுப்புச் சாயம் பலவற்றில் பி.பி.டி. என்ற ரசாயனம் இருக்கிறது. சிலருக்கு அது ஒத்துக்கொள்ளாமல் முகம், கண் எல்லாம் வீங்கிவிடும். இதுவரை ஒன்றும் ஆனதில்லை என்றாலும் ஒவ்வொரு தடவையும் காதுக்குப் பின்னால் துளி தடவி 48 மணி நேரம் பாருங்கள். அரிப்பு, தடிப்பு வந்தால் அந்தச் சாயம் வேண்டாம். மருதாணி இலை செம்பழுப்பு நிறம்தான் தரும். "கறுப்பு மருதாணி" என்று விற்றால் அதில் ரசாயனம் கலந்திருக்கலாம். சாயப் பாக்கெட்டைப் பிள்ளைகள் எட்டாத இடத்தில் வையுங்கள். வாய்க்குள் போனால் உயிருக்கே ஆபத்து. நரை தெரிந்தால் குறைச்சல் இல்லை என்று நினைப்பவர்கள் அப்படியே விடுங்கள். நல்லா வெட்டிய நரைமுடிக்கும் ஒரு களை உண்டு.

அந்த அக்கா என்ன ஆனார்?

எங்களில் நாலு பேர் அவர் வீட்டுக்குப் போனோம். முதலில் சுகாதார நிலையம். ரத்தம் குறைவு என்று மாத்திரை கொடுத்தார்கள். அப்புறம் நம் குழுப் பெண் ஒருத்தி வீட்டிலேயே தோள்வரை வெட்டிவிட்டாள். மாமியாருக்குக் கோபம். "தாலி கட்டினவ முடியை வெட்டினா குடும்பத்துக்கு ஆகுமா?" என்றார். "ஆயா, போன வருஷம் மேல்மலையனூர்ல நீங்க மொட்டை போட்டீங்களே, குடும்பத்துக்கு என்னா ஆச்சு?" என்று கேட்டோம். கொஞ்ச நேரம் பேசவில்லை. "அது சாமிக்கு" என்றார். "இது உங்க மருமகளுக்கு" என்றோம். சிரித்துவிட்டார்.

எல்லாரும் சிரிக்கவில்லை. கணவர் இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஓரகத்தி இன்னும் முணுமுணுக்கிறாராம். ஆனால் அடுத்த மாசக் கூட்டத்துக்கு அக்கா வந்தார். கிளிப்பில் ஒரு முழம் கனகாம்பரம். பாஸ் புத்தகத்தை எடுத்து வைத்துவிட்டு, "போன மாசத் தவணையையும் சேர்த்துக் கட்டிடலாம், கணக்கை எடுங்க" என்றார். முடி அப்போதும் முழுசாக வளர்ந்திருக்கவில்லை. ஆனால் தலை நிமிர்ந்திருந்தது.

எல்லாரும் போய் வெட்டிக்கொள்ளுங்கள் என்று நாங்கள் சொல்லவில்லை. நீளமான பின்னல்தான் பிடிக்கும் என்றால் அதுவே அழகு. இருபது வயசுப் பெண்ணாகத் தெரிய வேண்டும் என்பதும் இல்லை. இந்த வயசில், இந்த முகத்தில், இந்த வேலைக்கு நமக்கு எது நல்லா இருக்கு என்று கண்ணாடி முன்னால் நின்று நாமே கேட்டு, நாமே முடிவு எடுக்க வேண்டும். கடன் வாங்குவது, தொழில் தொடங்குவது என்று எத்தனையோ முடிவைக் குழுவில் உட்கார்ந்து எடுக்கக் கற்றோம். நம் தலைமேல் இருக்கிற முடிக்கும் நாமே முடிவு எடுப்போம்.