பறையும் கித்தாரும் ஒரே வரிசையில்



2018-ஆம் ஆண்டு ஜனவரி 6. சென்னை கீழ்ப்பாக்கத்தில் ஒரு பள்ளி மைதானம். பத்தொன்பது பேர் கோட்டும் சூட்டுமாக மேடையேறினார்கள். எலெக்ட்ரிக் கித்தார் பிடித்தவரும் டிரம்ஸுக்குப் பின்னால் உட்கார்ந்தவரும் அதே உடுப்பில். பறையைத் தோளில் மாட்டியவர், சட்டி, கட்டமொளம் என்ற தோல் வாத்தியங்களை வாசிப்பவர்கள் எல்லாரும் அதே உடுப்பில். பாட வந்தவர்களில் பலர் வடசென்னைக் கானாக்காரர்கள். அத்தனை பேருக்கு நடுவே ஒரே ஒரு பெண். கூடியிருந்த ஆயிரக்கணக்கானவர்களுக்கு அன்று முதன்முதலாக அறிமுகமான அந்தக் குழுவின் பெயர் ‘தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்’.

சினிமாவுக்கு வெளியே இயங்கும் தமிழ் இசைக்குழு என்றால் இன்று முதலில் சொல்லப்படும் பெயர்களில் இதுவும் ஒன்று. இந்தக் குழுவைப் பற்றி எழுதியவர்களில் பெரும்பாலோர் பாடல்களின் அரசியலைச் சொல்லி முடித்துக்கொள்கிறார்கள். அந்த அரசியலை ஒதுக்கிவிட்டு இவர்களைப் பற்றிப் பேச முடியாது; பேசவும் கூடாது. ஆனால் வானொலியில் காதுக்குத்தான் வேலை. கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் ஒன்று தெளிவாகப் புரியும். இதுவரை விருந்தாளியாக வந்து போய்க்கொண்டிருந்த பறையையும் சட்டியையும் இந்தக் குழு வீட்டாள் ஆக்கிவிட்டது. அதுதான் இவர்கள் இசைக்குச் செய்த பெரிய காரியம்.

தொடக்கம் இரண்டு பேரின் சந்திப்பில் இருந்தது. ஒருவர் ‘அட்டகத்தி’, ‘மெட்ராஸ்’, ‘கபாலி’ படங்களின் இயக்குநர் பா. ரஞ்சித், நீலம் பண்பாட்டு மையத்தை நிறுவியவர். மற்றவர் இசையமைப்பாளர் டென்மா. கபேர் வாசுகியோடு சேர்ந்து ‘குரங்கன்’ என்ற குழுவை நடத்தி, சொந்தமாகத் தமிழில் எழுதி ராக் இசையில் பாடிப் பழகியவர். அதுவரை சென்னையின் ராக் குழுக்களில் பல ஆங்கிலத்தில்தான் பாடின. கல்லூரி விழா மேடைகள்தான் அவற்றுக்குப் பெரிய மேடை. டென்மாவின் ‘மெட்ராஸ் ரெக்கார்ட்ஸும்’ நீலமும் சேர்ந்து 2017-இல் குரல் தேர்வு நடத்தின. நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் வந்தார்கள். அவர்களிலிருந்து பொறுக்கி எடுத்தவர்கள்தான் அந்தப் பத்தொன்பது பேர். சாவு வீட்டில் பாடியவரும், ஸ்டூடியோவில் வாசித்தவரும், ராப் எழுதிய பட்டதாரியும் ஒரே அறையில் ஒத்திகைக்கு உட்கார்ந்தார்கள்.

கானாவைப் பற்றி இங்கே கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். நம் ராஜபாளையம், தளவாய்புரம் பக்கத்தில் அதைச் சினிமா வழியாகத்தான் கேட்டிருப்போம். அதனால் அது துள்ளல் பாட்டு, கிண்டல் பாட்டு என்றே மனதில் பதிந்திருக்கிறது. வடசென்னையில் அதன் ஆழமான வடிவம் மரண கானா. இறந்தவரைக் கிடத்தியிருக்கும் தெருவில் பந்தல் போட்டு இரவெல்லாம் பாடுவார்கள். இறந்தவரின் பேர் சொல்லி, அவர் பார்த்த வேலை சொல்லி, பிள்ளைகள் பேர் சொல்லி, அந்த இடத்திலேயே கட்டிப் பாடுவார்கள். நம் பக்கத்துக் கேத வீட்டில் பெண்கள் மாரடித்துப் பாடும் ஒப்பாரிக்கும் அதற்கும் உறவு நெருக்கம். தீப்பெட்டியும் மேசைப் பலகையும்கூடத் தாள வாத்தியமாகும். வாத்தியம் வாங்க வசதியில்லாத இடத்தில் பிறந்த இசை என்பதால் அதில் குரலே எல்லாச் சுமையையும் தாங்கும். தொண்டையைத் திறந்து, சொல்லை நீட்டி, வரியின் கடைசியில் இழுத்து நிறுத்தும் அந்தப் பாணி, பல வருஷம் தெருவில் மைக் இல்லாமல் பாடியதால் வந்தது.

இந்தக் குழுவுக்கு முன்பு கிராமிய இசையும் கித்தாரும் சேராமல் இல்லை. தர்புகா சிவா, பிரதீப் குமார், தஞ்சாவூர்ப் பக்கத்து அந்தோணி தாசன் ஆகியோர் இருந்த ‘லா பொங்கல்’ குழு மிக அழகாகவே சேர்த்தது. அந்தோணி தாசனின் குரல் ஒரு பெரிய மேடையை ஒற்றையாளாக நிரப்பக்கூடியது. ஆனால் பொதுவாக இப்படிப்பட்ட கூட்டணிகளில் பாட்டு கிராமத்திலிருந்து வரும். பாட்டின் எலும்புக்கூடு கித்தாரிலும் கீபோர்டிலும் இருக்கும். பறையோ உருமியோ இடையில் ஒரு எட்டு ஆவர்த்தம் வந்து கைதட்டு வாங்கிக்கொண்டு போய்விடும். கேஸ்ட்லெஸ் கலெக்டிவின் நல்ல பாட்டுகளில் எலும்புக்கூடே தோல் வாத்தியங்கள்தான். பாஸ் கித்தார் சட்டியின் அடியைத் தொடர்ந்து போகிறது. கித்தார் பல இடங்களில் சுரம் பாடுவதை விட்டுவிட்டுத் தாளம் வெட்டுகிறது.

இது சொல்வதற்கு எளிது, செய்வதற்குக் கஷ்டம். பறை வாசிப்பவர்களுக்குத் தெரியும்: தோலைத் தீயில் காய்ச்சி இறுக்கினால்தான் நாதம் கிண்ணென்று வரும்; காற்றில் ஈரம் ஏறினால் சுதி இறங்கிவிடும். கித்தாரோ ஒரு சுதியில் முறுக்கி நிறுத்தப்பட்டது. அடிக்குச்சியின் கனத்த அடியும் சிம்புக்குச்சியின் கூர்மையான சொடுக்கும் டிரம்ஸின் ஸ்னேர் ஒலி இருக்கும் அதே உயரத்தில் வந்து மோதும். இரண்டும் ஒன்றையொன்று விழுங்காமலிருக்க யாராவது ஒருவர் சும்மா இருக்கப் பழக வேண்டும். இந்தக் குழுவின் டிரம்ஸ் பல சமயம் சும்மா இருக்கிறது. அந்த அடக்கத்தைத் தேர்ந்தவர் டென்மா. அதற்காகவே அவரைப் பாராட்ட வேண்டும்.

தாளத்திலும் ஒரு கணக்கு உண்டு. நம் ஊர்ச் சாவுக்குத்தும் திருவிழாக் குத்தும் ஆறெட்டு நடையில் உருளும். மேலை ராக் இசை பெரும்பாலும் நாலு அடியில் நடக்கும். ராப் பாடுகிறவர் சொற்களை மும்மூன்றாகப் பிரித்து அடுக்கினால் ஆறெட்டின் மேல் அலுங்காமல் உட்கார்ந்துகொள்கிறது. அதனால்தான் குழுவின் ராப் பாடகர் அறிவின் வேகமான வரிகள் கானாவுக்குள் வரும்போது ஒட்டுப்போட்டது போலத் தெரிவதில்லை. பங்குனிப் பொங்கலுக்கு உருமியும் நையாண்டி மேளமும் கேட்டு வளர்ந்த காதுக்கு இந்த இடம் உடனே பிடிபடும்.

குழுவின் பெயர் அயோத்திதாசப் பண்டிதரிடமிருந்து வந்தது. 1845-இல் பிறந்து 1914-இல் மறைந்தவர்; 1907-இல் சென்னையில் ‘ஒரு பைசாத் தமிழன்’ என்ற வாரப் பத்திரிகையைத் தொடங்கியவர். சாதிபேதமற்ற தமிழர் என்று அவர் தம் மக்களை அழைத்த சொல்லே இந்தக் குழுவுக்குப் பெயரானது. மேடையில் அணிந்த கோட்டு அம்பேத்கரை நினைவூட்டுவது. இங்கிலாந்தில் 1970-களின் கடைசியில், கறுப்பினத்தவரும் வெள்ளையரும் சேர்ந்து நடத்திய ‘தி ஸ்பெஷல்ஸ்’ என்ற கோவென்ட்ரி நகரத்துக் குழுவும் சூட் அணிந்துதான் மேடையேறியது. ஜமைக்காவின் ஸ்கா தாளத்தையும் பங்க் ராக்கையும் கலந்து இனவெறிக்கு எதிராகப் பாடியது. இரண்டு குழுக்களுக்கும் உடுப்பு ஒரு அறிவிப்பு. கேஸ்ட்லெஸ் கலெக்டிவுக்கு அது, பறையடிப்பவர் இடுப்பில் துண்டு கட்டித்தான் நிற்க வேண்டும் என்ற பழக்கத்தின் முகத்துக்கு நேராகச் செய்த அறிவிப்பு.

இட ஒதுக்கீட்டைப் பற்றிய ‘கோட்டா’ பாடல், மாட்டுக்கறிப் பாடல், ‘ஜெய்பீம் ஆன்தம்’ என்று இவர்களின் பாடல்கள் நேரடியாகப் பேசுபவை. சபரிமலைக்கு எல்லா வயதுப் பெண்களும் செல்லலாம் என்று 2018 செப்டம்பர் 28-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்ன காலத்தில் இசைவாணி பாடிய ‘ஐ ஆம் சாரி ஐயப்பா’ பெரிய கவனம் பெற்றது. ஆறு வருஷம் கழித்து, 2024 நவம்பரில், அதே பாட்டின் மேல் எதிர்ப்பும் புகாரும் கிளம்பின; நீலம் பண்பாட்டு மையம் விளக்க அறிக்கை வெளியிட்டது. அந்த விவாதத்தில் நேயர்கள் எந்தப் பக்கம் நின்றாலும், இசைவாணியின் குரலைத் தனியாக ஒருமுறை கேட்க வேண்டும். ராயபுரத்தில் வளர்ந்தவர். கீபோர்டு வாசிக்கும் தந்தையோடு சிறு வயதிலேயே மேடைக்குப் போனவர். கானா என்பது ஆண்களின் சொத்தாகவே இருந்த இடத்தில், அடித்தொண்டையிலிருந்து எழும் அந்த முரட்டு நாதத்தைச் சன்னமாக்காமல், இனிமைப்படுத்தாமல் அப்படியே பாடுகிறார். 2020-இல் பிபிசி தேர்ந்தெடுத்த நூறு பெண்கள் பட்டியலில் அவர் பெயர் இடம்பெற்றது.

அதே 2020 டிசம்பரில் நீலம் ‘மார்கழியில் மக்களிசை’ என்ற விழாவைத் தொடங்கியது. மறுவருஷம் மதுரைக்கும் கோவைக்கும்கூட அது வந்தது. ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர்களுக்கு மார்கழி என்றால் ஆண்டாள், விடியற்காலையில் திருப்பாவை. அது ஊருக்கே கேட்கும் பாட்டு, வீட்டுப் பெண்கள் வாயிலும் வரும் பாட்டு. சென்னையில் மார்கழி என்றால் சபாக்களின் கச்சேரி மாதம். 1928-இல் தொடங்கிய மியூசிக் அகாதமி வளர்த்தெடுத்த வழக்கம் அது. அந்த மாதத்தில் பறைக்கும் கானாவுக்கும் ஒப்பாரிக்கும் ஒரு மேடை வேண்டும் என்று கேட்டது நியாயமான கேள்வி. நல்ல வெளிச்சமும் நல்ல ஒலியமைப்பும் கொடுத்து, கலைஞர் பெயரைச் சொல்லி அழைத்து உட்கார வைத்ததால், வந்தவர்கள் இந்த இசையை உற்றுக் கேட்டார்கள். தென்மாவட்டங்களில் கொட்டுக்காரர் என்ற பொதுப்பேரைத் தவிர வேறு பேர் சொல்லி யாரும் கூப்பிடாத எத்தனையோ நல்ல கலைஞர்கள் இருக்கிறார்கள்.

குழுவாகச் சேர்ந்தவர்கள் பிறகு தனித்தனியாகவும் வளர்ந்தார்கள். அரக்கோணத்துக்காரரான அறிவு, அறிவொளி இயக்கத்தில் பங்கெடுத்த பெற்றோரின் பிள்ளை. 2018-இல் ‘காலா’ படத்துக்குப் பாட்டு எழுதினார். 2019-இல் ‘தெருக்குரல்’ தொகுப்பு. 2021 மார்ச்சில் பாடகி தீயுடன் பாடிய ‘என்ஜாய் எஞ்சாமி’. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துத் திரும்பிய, அறிவின் பாட்டி வள்ளியம்மாளின் கதை அதில் இருக்கிறது. அந்தப் பாட்டு உலகமெல்லாம் ஒலித்தபோது, ‘ரோலிங் ஸ்டோன் இந்தியா’ இதழின் அட்டைப்படத்தில் அறிவு இல்லை என்று ரஞ்சித் உள்ளிட்டோர் கேள்வி எழுப்பினார்கள். பாட்டின் உரிமையும் பெருமையும் யாருக்கு என்ற விவாதம் தமிழ்த் தனியிசையில் இவ்வளவு வெளிப்படையாகப் பேசப்பட்டது அப்போதுதான். 2024-இல் ‘வள்ளியம்மா பேராண்டி’ என்ற பெயரிலேயே அவர் தன் தொகுப்பைக் கொண்டுவந்தார். கானா முத்துவும் இசைவாணியும் ‘சார்பட்டா பரம்பரை’யில் பாடினார்கள். டென்மா ‘இரண்டாம் உலகப்போரின் கடைசி குண்டு’, ‘நட்சத்திரம் நகர்கிறது’ படங்களுக்கு இசையமைத்தார்.

இதைப் பார்க்கும்போது தெற்கே இருந்து கிளம்பிய இன்னொரு குழு நினைவுக்கு வருகிறது. பண்ணைப்புரத்துப் பாவலர் வரதராசன் தம்பிகளைக் கூட்டிக்கொண்டு கம்யூனிஸ்ட் கட்சி மேடைகளில் ஆர்மோனியத்தோடு ஊர் ஊராகப் பாடினார். 1958 தேவிகுளம் இடைத்தேர்தலில் மலைத்தோட்டத் தொழிலாளர் மத்தியில் அவர் பாடியது இன்றும் பேசப்படுகிறது. அந்தப் ‘பாவலர் பிரதர்ஸ்’ குழுவிலிருந்து தம்பிகள் 1960-களின் கடைசியில் சென்னைக்குப் போனார்கள். 1976-இல் ‘அன்னக்கிளி’ வந்தது. அந்தத் தம்பிகளில் ஒருவராக இளையராஜா கிடைத்தார், தமிழிசை வளம் பெற்றது. ஆனால் அந்தக் குழு மேடையில் பாடியது இன்று நம் காதுக்கு எளிதில் கிடைப்பதில்லை. ஒரு இயக்கத்தின் தோளில் வளரும் குழு, அதன் கலைஞர்களைச் சினிமா அழைக்கும்போது கரைந்துபோவது இங்கே வழக்கம். மேலே சொன்ன ஸ்பெஷல்ஸ் குழுவே 1981-இல், பாட்டு முதலிடத்தில் இருந்த நேரத்தில் உடைந்தது. பத்தொன்பது பேரை வைத்துச் சோறு போட்டு, வண்டி வைத்து, ஒத்திகை நடத்துவது இன்னும் கடினம்.

கேஸ்ட்லெஸ் கலெக்டிவிடம் குறையும் உண்டு. மேடையில் இருக்கும் கனம் பதிவு செய்த பாட்டுகள் எல்லாவற்றிலும் இல்லை; ஸ்டூடியோ மினுக்கலில் சட்டியின் சொரசொரப்பு சில இடங்களில் காணாமல் போகிறது. சில பாடல்களில் கோஷம் முந்திக்கொண்டு பாட்டு பின்னால் ஓடிவருகிறது. மரண கானாவின் துக்கத்தை, அதன் மெதுவான நடையை, இந்தக் குழு இன்னும் அதிகமாக எடுத்தாண்டிருக்கலாம். கோபத்தை இவர்கள் மிக நன்றாகப் பாடுகிறார்கள். அழுகையையும் அதே அளவு பாடத் தெரிந்த குரல்கள் இவர்களிடம் இருக்கின்றன.

வானொலிக்கும் இதில் ஒரு வேலை இருக்கிறது. அகில இந்திய வானொலியில் நாட்டுப்புற இசை, மெல்லிசை, மேலை இசை என்று தனித்தனிப் பிரிவுகள். பி, பி ஹை, ஏ, டாப் என்று தரவரிசை. பறையும் கித்தாரும் சரிபாதியாக வாசிக்கும் ஒரு குழு விண்ணப்பித்தால் எந்தப் பிரிவில் வைப்பது? தளவாய்புரத்துத் தையல் கூடங்களிலும் சத்திரப்பட்டியின் பேண்டேஜ் தறிகளிலும் நாளெல்லாம் பாட்டுக் கேட்டுக்கொண்டே வேலை பார்க்கும் இளைஞர்களில் நாலு பேர், ஊர்க் கொட்டுக்காரரின் மகனையும் சேர்த்துக்கொண்டு ஒரு குழு தொடங்கினால் அவர்களுக்கு ஒரு பிரிவு இருக்க வேண்டும். கூட்டிசை என்று ஒரு பெயர் வைத்து மாதம் ஒரு அரைமணி நேரம் ஒதுக்கினால் போதும்; நாலு மைக்கும், பறை காய்ச்ச நிலைய வாசலில் கொஞ்சம் இடமும் கொடுத்தால் மீதியை அவர்களே பார்த்துக்கொள்வார்கள்.