நாவைக் கட்டும் சிறை



கருங்கடலின் வடகரையிலே கிரிமியா என்னும் தீபகற்பம் உண்டு. அதன் பூர்வ குடிகளாகிய தாத்தார் மக்களை 1944 மே மாதத்தில் ஸ்டாலின் ஆட்சி கூண்டோடு நாடு கடத்தியது. பல்லாண்டு கழித்தே அவர்கள் தாயகம் மீண்டனர். 2014இல் ருஷ்யா கிரிமியாவை உக்ரேனிடமிருந்து பறித்தது. அதன்பின் கைதான தாத்தார்களுக்காக வாதாடியவர் எமில் குர்பெதினோவ் என்னும் சட்டத்தரணி. அவரும் தாத்தாரே.

2017 ஜனவரி 26இல், பொலிசார் சோதனையிட்டுக்கொண்டிருந்த கட்சிக்காரர் ஒருவரின் வீட்டுக்கு விரைந்த அவரை வழியிலேயே மறித்துப் பிடித்தனர். பத்து நாள் சிறை! குற்றம் யாது? 2013இல் இணையத்தில் இட்ட ஒரு பதிவு. அன்று கிரிமியாவில் ருஷ்யச் சட்டமே இல்லை. வந்து சேராத சட்டத்தை ஒருவர் மீறுவது எங்ஙனம்? 2018 டிசெம்பரில் மீண்டும் ஐந்து நாள் சிறை. 2022இல் சட்டத்தரணிகள் பட்டியலிலிருந்தே அவர் பெயர் நீக்கப்பட்டது.

பத்து நாள் சிறிதென எண்ணாதீர்கள். சட்டத்தரணி சிறையிருக்கும் நாளிலே, அவரை நம்பிய குடும்பங்கள் நீதிமன்றில் வாயிழந்து நிற்கின்றன. ஒருவரைப் பூட்டி ஓரினத்தின் நாவைக் கட்டும் உபாயம் இது. சிறுபான்மையினராகிய நாம் இதனை உணராவிடின் வேறு யார் உணர்வர்?