வரைபைப் படிக்கும் முறை



கலைப் பட்டதாரியாகிய நான் கணனியைப் பற்றிப் பேச முன்வந்தமை சிலருக்கு வியப்பாக இருக்கலாம். பாடசாலை அதிபரின் வாழ்வு புள்ளிப் பட்டியல்களோடும் வரவுப் பதிவேடுகளோடும் கழிவது. அப்பழக்கம் என் பழைய மாணவன் ஒருவனுக்கு ஒருநாள் உதவிற்று. அதனையே இன்று கூற விழைகின்றேன்.

அவன் ஓர் அலுவலகத்தின் சேவையகக் கணனிகளுக்குப் பொறுப்பாளன். இக்காலத்தில் ஒரு பெரிய கணனிக்குள்ளே பல கணனிகள் தனித்தனியே இயங்குவன போல மென்பொருளால் அமைத்துவிடுகின்றனர். இவற்றை மெய்நிகர்க் கணனிகள் என்பர். ஆய்வுகூடத்திலுள்ள நான்கு நுணுக்குக்காட்டிகளைப் பத்துப் பிள்ளைகள் முறைவைத்துப் பார்ப்பது போல, இவை உண்மையான செயலிகளை முறைவைத்துப் பயன்படுத்துகின்றன. வேலை ஆயத்தமாக இருந்தும் முறை வராமற் காத்திருந்த நேரத்தை, வி.எம்.வெயார் மென்பொருள் 'ரெடி' என்னும் பெயரில் மில்லிசெக்கன்களிலே கூட்டி வரைபாகக் காட்டும்.

ஒருநாள் மாலை அவன் வாடிய முகத்தோடு என் வீட்டுக்கு வந்தான். ஒரு மெய்நிகர்க் கணனியில் அவன் சிறு மாற்றம் ஒன்றைச் செய்திருந்தான். மாற்றத்துக்கு முன் உடனடி வரைபிற் பார்த்துக் குறித்து வைத்த காத்திருப்பு 1,000. மறுநாட் காலை கடந்த நாள் வரைபிற் கண்டதோ 15,000. "உமது மாற்றத்தால் நிலைமை பதினைந்து மடங்கு கெட்டுவிட்டது" என்று மேலதிகாரி கடிந்து, எழுத்தில் விளக்கம் கோரியிருந்தார். மேலும் செயலிகளைச் சேர்க்கும்படியும் பணித்திருந்தார்.

வரைபை நான் உற்றுப் பார்த்தேன். மாற்றத்துக்கு முந்திய மணித்தியாலங்களிலும் அதே 15,000 நின்றது. "தம்பி, ஒவ்வொரு புள்ளியும் எத்தனை செக்கன்களின் கூட்டுத்தொகை?" என்று கேட்டேன். அவன் சற்றுச் சிந்தித்தான். மறுகணம் முகம் மலர்ந்தான்.

உடனடி வரைபின் ஒவ்வொரு புள்ளியும் 20 செக்கன்களுக்குரியது. கடந்த நாள் வரைபின் புள்ளியோ 300 செக்கன்களுக்குரியது. 20,000 மில்லிசெக்கன்களில் 1,000 என்பது நூற்றுக்கு 5. 300,000 இல் 15,000 என்பதும் நூற்றுக்கு 5 தான். காத்திருப்பு அணுவளவும் மாறவில்லை, அளவுகோலே மாறியது. அக்கணனிக்கு இருந்தது ஒரே செயலி. செயலிகள் பலவாயின், மொத்தத்தை அவற்றின் எண்ணிக்கையாலும் வகுத்தல் வேண்டும். தேவையின்றிச் செயலிகளைச் சேர்த்தாலோ, அவற்றுக்கெல்லாம் இடந்தேடிக் காத்திருப்பு உண்மையிலேயே கூடக்கூடும்.

இதற்கு மறுதலையான மயக்கமும் உண்டு. சராசரியைக் காட்டும் வரைபுகளில், கடந்த வாரத்துக்குரிய புள்ளி 30 நிமிடங்களின் சராசரியாகும். ஒரு நிமிடம் செயலி முழுமையாகத் திணறி, ஏனைய 29 நிமிடங்களும் நூற்றுக்குப் பத்தே உழைத்திருந்தால், வரைபு 13 என்றே காட்டும். பயனாளர் பட்ட இடர் அங்கே மறைந்துபோகும். ஆதலால் முறைப்பாடு வந்தவுடனேயே உடனடி வரைபைப் பார்த்துவிடுதல் நன்று.

நேயர்களே, அம்மாணவனிடம் அக்கேள்வியைக் கேட்க என்னைத் தூண்டியது என் கல்வியன்று, என் தவறு. பல ஆண்டுகளுக்கு முன், ஒரு வகுப்பின் ஒரு தவணை வரவின்மையை இன்னொரு வகுப்பின் ஒரு மாத வரவின்மையோடு ஒப்பிட்டு, நல்லாசிரியர் ஒருவரை எல்லோர் முன்னிலையிலும் கடிந்துகொண்டேன். உண்மை தெரிந்தபின் மன்னிப்புக் கேட்டேன். ஆயினும் அன்று அவர் தலைகுனிந்து நின்ற காட்சி இன்றும் என் மனத்தை விட்டகலவில்லை.

மாணவன் தன் விளக்கத்தை அன்றிரவே எழுதினான். இரண்டே வரிக் கணக்கு. மேலதிகாரியும் அதனை ஏற்றுக்கொண்டார். எண்ணைக் கண்டதும் ஆளைத் தேடாதிருப்போமாக. அவ்வெண் எவ்வளவு காலத்துக்குரியது, கூட்டுத்தொகையா சராசரியா என்று முதலிற் கேட்போமாக.